நாற்பத்தெட்டாவது குழி

அன்றைக்குக் காலையில் துளியின் பைக்குள் இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்றில் மதியச் சாப்பாடு. இன்னொன்றில், மூன்று உறை போட்டுச் சுற்றி, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே, அவள் மகனுடைய மலம் ஒரு சுண்டுவிரல் நகத்தளவு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் பையைத் தன் மடியில் வைத்துக்கொள்ளவா என்று கேட்டபோது, பையில் தங்கம் இருப்பதுபோல் துளி அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

துளி என்பது அவள் பெயரில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். பிப்பெட் என்கிற அளவுக் குழாயைப் பிடித்து அவள் விடுகிற துளி கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. ஆறு வருஷமாக அவள் கை பிசகியதில்லை. அந்தக் கை அன்றைக்குப் பையின் ஜிப்பை மூன்று தடவை இழுத்துச் சரிபார்த்தது.

அவள் வேலை என்னவென்றால், நானூறு குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயதுவரை விடாமல் கவனிக்கிற ஓர் ஆய்வு. என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு எடை, குடலில் எந்தெந்த பாக்டீரியா குடித்தனம் பண்ணுகிறது என்று பார்ப்பது ஒரு பக்கம். கட்டை அடுக்குகிறார்களா, ஒளித்துவைத்த பொம்மையைத் தேடுகிறார்களா, எத்தனை வார்த்தை பேசுகிறார்கள் என்று பார்ப்பது இன்னொரு பக்கம். வயிறும் மூளையும் தங்களுக்குள் என்ன குசுகுசுக்கின்றன என்று ஒட்டுக்கேட்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவள் நாத்தனாருக்கு இந்த விளக்கமெல்லாம் வேண்டாம். "எல்லார் வீட்டு மருமகளும் கம்ப்யூட்டர் தட்டப் போறாங்க. நம்ம வீட்டு மருமக ஆய் அள்ளப் போறா" என்பாள், விருந்தாளிகள் இருக்கும்போது பார்த்து.

துளிக்கு அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். அவள் மகன்.

அவனுக்குப் பதினாறு மாதம். குட்டான் என்று கூப்பிடுவார்கள். ஒரு வயது நிறைவதற்குள் காதில் சீழ் பிடித்து நான்கு தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு சாப்பாடு என்றாலே வாயைப் பூட்டிக்கொண்டான். பால், பிஸ்கட், பால். ஒரு நாளைக்கு ஆறு பாட்டில். பிள்ளையும் அந்தப் பால் நிறத்துக்கே வெளுத்துப்போனான். பேச்சு வரவில்லை. மற்றக் குழந்தைகள் தவழ்ந்து ஓடுகிற இடத்தில் இவன் சுவரோரம் உட்கார்ந்து சுண்ணாம்பைப் பெயர்த்து நக்குவான். அவனைப் பகலில் பார்த்துக்கொள்கிற மாடி வீட்டு அக்கா ஒருநாள் சொன்னாள்: "பூந்தொட்டி மண்ணை அள்ளி அள்ளித் திங்கறாம்மா. கையைத் தட்டிவிட்டா அழுறான். பிரியாணிய புடுங்கின மாதிரி அழுறான்." துளி அன்றைக்கே தொட்டியை மேலே ஏற்றி வைத்தாள், சுவரைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்தாள். பாக்டீரியாவோடு காலம் தள்ளுகிறவள் அல்லவா, மண் என்றதும் அவளுக்குக் கிருமிதான் கண்ணில் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

போன மாதம் தலைமை விஞ்ஞானி ஒரு வரைபடத்தைச் சுவரில் மாட்டினார். குடலில் பலவகை பாக்டீரியா இருக்கிற குழந்தைகள் ஒரு பக்கம், ஒரு சில வகையே இருக்கிற குழந்தைகள் இன்னொரு பக்கம். இரண்டாவது கூட்டம் கட்டை அடுக்குவதில் கொஞ்சம் பின்தங்கியிருந்தது. 'இன்னும் உறுதியாகவில்லை' என்று கீழே சிவப்பில் எழுதியும் இருந்தது. எல்லோரும் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். துளி மட்டும் போகவில்லை. நான்கு ஆன்டிபயாடிக், நான்கு ஆன்டிபயாடிக் என்று அவள் மண்டைக்குள் யாரோ ஆணி அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

வீட்டில் சொன்னாள். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். எதையும் பதறாமல் கழற்றி மாட்டுகிறவன்.

"எங்கப்பா நாலு வயசு வரைக்கும் பேசலையாம். இப்ப நிறுத்தச் சொல்லு பாப்போம்."

"விளையாடாதீங்க. நாலு தடவை மருந்து குடுத்திருக்கோம்."

"டாக்டர்கிட்ட காட்டுவோம்."

"டாக்டர் என்ன சொல்வாரு? சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும்பாரு. எனக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியணும்."

உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுகிற மிஷின் அவள் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. அதுதான் வினை.

வாரத்துக்கு ஒரு ட்ரே மிஷினுக்குப் போகும். உள்ளங்கை அகல பிளாஸ்டிக் தட்டு, அதில் நாற்பத்தெட்டு குழிகள். முதல் நாற்பத்தேழில் குழந்தைகளின் மாதிரிகள். கடைசிக் குழியில் மட்டும் எதுவும் இல்லாத சுத்தமான தண்ணீர். அதற்குப் பிளாங்க் என்று பெயர். மற்றக் குழிகளுக்குச் செய்கிற எல்லாச் சடங்கும் அதற்கும் உண்டு. முடிவில் அது காலியாக வந்தால் வேலை சுத்தம். அதில் பாக்டீரியா தென்பட்டால் எங்கேயோ அழுக்கு கலந்துவிட்டது, மொத்த ட்ரேயையும் நம்ப முடியாது.

அந்த வாரம் முதல் குழிக்குரிய குழந்தை ஊரைவிட்டுப் போய்விட்டது. மாதிரி வரவில்லை. வராத குழந்தையின் குழியை வெறுமையாக விட வேண்டும் என்பது விதி, கம்ப்யூட்டரும் அதைக் கணக்கில் எடுக்காமல் தானாகத் தள்ளிவிடும். யாரும் திறந்துபார்க்க மாட்டார்கள். துளிக்கு இது போதாதா?

இரண்டிலிருந்து நாற்பத்தேழு வரை வழக்கமான இடத்தில் உட்கார்ந்து முடித்தாள். மிச்சம் இரண்டே குழி. மகனுக்கு முதல் குழி, தண்ணீருக்குக் கடைசிக் குழி. பையிலிருந்து டப்பாவை எடுக்கும்போது கண்ணாடிக் கதவுக்கு வெளியே லேபிள் அண்ணன் நின்றிருந்தார். குழாய்களுக்கெல்லாம் எண் ஒட்டுகிறவர், தண்ணீர் தயார் பண்ணுகிறவர். ஒரு லேபிள் இம்மி கோணினாலும் உரித்துவிட்டு மறுபடி ஒட்டுவார்.

"என்ன துளிம்மா, இன்னுமா முடியல?"

"ரெண்டு நிமிஷம்ணா."

"டீ ஆறிடும். ஆறின டீய நான் குடிக்க மாட்டேன், உனக்குத்தான் வச்சிருப்பேன்."

அவர் நகருகிற மாதிரி தெரியவில்லை. துளி எழுந்து மேஜையின் அந்தப் பக்கம் போனாள். கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். முதுகு மறைத்த இடத்தில் வேலையை முடித்தாள். முதலில் தண்ணீர், பிறகு மகன். ட்ரேயை மூடி மிஷினுக்கு அனுப்பிவிட்டு, ஆறின டீயைக் குடித்தாள். அது என்ன ருசி என்றே தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு வண்ணப் பட்டை. ஒரு நிறத்துக்கு ஒரு வகை பாக்டீரியா. நல்ல குடல் என்றால் பட்டை துணிக்கடை ரிப்பன் அடுக்கு மாதிரி இருக்கும். லேபிள் அண்ணன் கை கழுவப் போன இடைவெளியில் துளி முதல் குழியை மட்டும் திறந்தாள்.

வெள்ளை.

ஓரத்தில் தூசி மாதிரி இரண்டு மூன்று கோடுகள். மற்றபடி ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை.

குழாய்ச் சத்தம் நின்றது. அவள் மூடிவிட்டாள். ஒரு தும்மல் நேரம் பார்த்திருப்பாள், அவ்வளவுதான். ஆனால் அந்த வெள்ளை கண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. வேறு யாராவது அதைக் கொண்டுவந்து காட்டியிருந்தால், குழியில் போட்ட மாதிரியே தப்பு, திருப்பிப் போடு என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாள். சொந்தப் பிள்ளை என்றதும் படித்தது, பழகியது எல்லாம் கழன்று போய்விட்டது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: என் பிள்ளையின் வயிற்றுக்குள் யாருமே இல்லை. நான் கொடுத்த மருந்து எல்லாரையும் கொன்றுவிட்டது. வயிறு காலி, அப்படியென்றால் தலையும்...

அந்த வாக்கியத்தை அவளால் முடிக்க முடியவில்லை. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, ஓடும் குழாய்ச் சத்தத்துக்குள் அழுதாள்.

அடுத்த மூன்று நாள் அந்த வீடு வீடாக இல்லை. சாயங்காலம் வந்ததும் வராததுமாக அடுப்பில் நான்கு பாத்திரம் ஏறும். கேரட் வேகும், பீன்ஸ் வேகும், ஓட்ஸ் வேகும். வாழைப்பழத்தைத் தயிரில் அடித்து வைப்பாள். மருந்துக்கடையில் நல்ல பாக்டீரியா பொடி என்று எழுதியிருந்த மூன்று டப்பாக்களை வாங்கி வந்தாள். குட்டானைச் சேரில் பெல்ட் போட்டு உட்கார வைத்து ஸ்பூனை நீட்டுவாள். அவன் தலையைத் திருப்புவான். அவள் அந்தப் பக்கம் நீட்டுவாள். அவன் இந்தப் பக்கம் திருப்புவான்.

"ஒரு வாய்டா. ஒரே ஒரு வாய். அம்மாவுக்காக."

வியாழக்கிழமை தாடையைப் பிடித்து ஊட்டிவிட்டாள். அவன் கண்கள் விரிந்தன. மூச்சு முட்டி, இருமி, அத்தனையையும் அவள் புடவையிலேயே கொட்டினான். கொட்டிவிட்டு அழக்கூட இல்லை. அவளைப் பார்த்தான். யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

கணவன் வந்து பிள்ளையைப் பெல்ட்டிலிருந்து கழற்றித் தூக்கிக்கொண்டான். "நீ ஊட்டுறியா, இல்ல சண்டை போடுறியா?"

"உங்களுக்குத் தெரியாது."

"அப்ப தெரியப்படுத்து. மூணு நாளா பேயறைஞ்ச மாதிரி திரியற. கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கற. பிள்ளைக்கு யார்கிட்டருந்து வந்துச்சுன்னு இப்பல்ல தெரியுது."

அது வேடிக்கைக்குச் சொன்னது. துளிக்குச் சிரிப்பு வரவில்லை. இருவரும் உள்ளே போனதும் தரையைத் துடைத்துவிட்டு, ஆய்வில் குழந்தைகளுக்கு வைக்கிற சோதனையைத் தன் பிள்ளைக்கு வைத்துப் பார்க்க முடிவு செய்தாள். அதுவரை தைரியம் வராமல் தள்ளிப்போட்டது. குட்டானைத் தூக்கி வந்து பாயில் உட்கார வைத்து, அவனுக்குப் பிடித்த சிவப்பு மரவாத்தைக் காட்டினாள். அவன் பார்க்கப் பார்க்க அதை ஒரு கைக்குட்டையால் மூடினாள். ஒன்பது மாதக் குழந்தையே துணியை இழுத்து வாத்தைத் தேடும். அவள் நூற்றுக்கணக்கான வீடியோவில் பார்த்திருக்கிறாள்.

குட்டான் துணியைப் பார்த்தான். துணியின் ஓரத்தை எடுத்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

துணியை வாயில் வைத்துச் சப்பினான். வாத்து பக்கத்திலேயே திறந்து கிடந்தது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அப்படியே சரிந்து படுத்துத் தூங்கிப்போனான்.

துளி அந்த வாத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தலைமை விஞ்ஞானி எல்லோரையும் கூப்பிட்டார். அந்த அம்மாவுக்கு முதுகுக்குப் பின்னால் தராசு என்று பெயர். வார்த்தையைக்கூட நிறுத்துத்தான் பேசுவார். அன்றைக்கு நிறுக்கவில்லை.

"இந்த வார ட்ரே குப்பைக்குப் போகுது. பிளாங்க்ல பாக்டீரியா."

அச்சடித்த முடிவை மேஜைமேல் போட்டார்.

"கொஞ்ச நஞ்சம் இல்ல. கையில இருந்து ஒட்டினது, தண்ணில இருந்து வந்ததுன்னா எனக்குத் தெரியாதா? இது ஒரு முழுக் குடல். அதுவும் நம்ம பிள்ளைங்க யாரோடயும் ஒத்துப்போகல. வெறும் பால் குடிக்கிற பிள்ளை வயிறு. எங்கிருந்து வந்துச்சு?"

அவர் லேபிள் அண்ணன் பக்கம் திரும்பினார். "தண்ணி நீங்கதானே ரெடி பண்ணீங்க?"

"ஆமா மேடம்."

"பாட்டிலைத் திறந்து வச்சீங்களா? பழைய குழாயைக் கழுவி வச்சீங்களா?"

"இல்லீங்க மேடம். பதினோரு வருஷத்துல நான் ஒரு நாள்கூட..." லேபிள் கோணினாலே தாங்காத மனுஷன். கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நாப்பத்தாறு பிள்ளைங்க. எல்லாம் ஒரு வயசு முடிஞ்ச அன்னிக்கு எடுத்த சாம்பிள். பெரும்பாலானதுல மிச்சம்னு ஒரு பொட்டுகூட இல்ல. திரும்ப எடுக்கலாம்னா அந்த நாள் திரும்ப வருமா? நாப்பத்தாறு அம்மாங்ககிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

துளிக்குக் காதில் எதுவும் ஏறவில்லை. பால் குடிக்கிற பிள்ளை வயிறு என்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். கடைசிக் குழியில் ஒரு பால்குடி. முதல் குழியில் வெறும் வெள்ளை.

அவள் கண் தானாக மேஜைக்குப் போனது. இந்தப் பக்கம் உட்கார்ந்தால் கடைசிக் குழி வலது கைக்குக் கீழே, கிட்டத்தில் இருக்கும். ஆறு வருஷமாகத் தண்ணீர் போகிற மூலை. கை தூக்கத்தில்கூட அங்கேதான் போகும். அன்றைக்கு அவள் நின்றது அந்தப் பக்கம். அங்கிருந்து பார்த்தால் ட்ரே தலைகீழ். வலது கைக்குக் கீழே, கிட்டத்தில் இருப்பது முதல் குழி. தண்ணீர் அங்கே போயிற்று. மிச்சமிருந்த ஒரே குழிக்கு, எண்ணைப் பார்க்காமல், பிள்ளை போனான்.

காலியாக இருந்தது தண்ணீர். குட்டான் காலியில்லை.

அவளுக்கு ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று நெஞ்சில் முட்டியது. அடுத்த நொடியே கணக்குப் போட்டாள். இப்போது அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. தெரிய வேண்டியது அவளுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் கட்டிக்கொள்ளலாம். வாயைத் திறந்தால் வேலை போகும், வேறு லேப் எதுவும் வாசலில் சேர்க்காது. லிஃப்ட் மெக்கானிக் சம்பளத்தில் வாடகையும் பால் பாட்டிலும்...

லேபிள் அண்ணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மறுபடி பையில் வைத்தார். மறுபடி எடுத்தார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

"மேடம்" என்றாள் துளி. "அது என் பையன்."

தராசு லேபிள் அண்ணனை விட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"யாரு?"

"நாப்பத்தெட்டுல இருக்கறது. அண்ணன் மேல தப்பில்ல. நான்தான் மேடம்."

தராசு அவளை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவர்களை வெளியே அனுப்பினார். கதவைச் சாத்தினார். "எங்க நின்ன? அப்படியே போய் நில்லு. எப்படிப் பண்ணியோ அப்படியே பண்ணிக் காட்டு."

துளி மேஜையின் அந்தப் பக்கம் போய், கதவுக்கு முதுகைக் காட்டி, வெறும் ட்ரேயில் வெறும் பிப்பெட்டால் செய்துகாட்டினாள், செவ்வாய்க்கிழமை முதல் குழியைத் திறந்து பார்த்ததையும் சொன்னாள். தராசு ட்ரேயின் மூலையில் பொடியாகச் செதுக்கியிருந்த எண்ணைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இருந்தது. அது மட்டும் இல்லை.

"முதல் குழியில வெள்ளையா வந்ததைப் பாத்துட்டு மூணு நாள் உன் பிள்ளை வயிறு காலின்னு நினைச்சிருக்க."

"ஆமா மேடம்."

"ஏம்மா, மலத்துல பாக்டீரியா இல்லாம எப்படிம்மா வரும்? பாதிக்குப் பாதி அதுதானே மலமே! நேத்து வேலைக்குச் சேர்ந்த பிள்ளை வந்து கேட்டா நீ என்ன சொல்லுவ?"

"தண்ணிய ஓட்டியிருக்கன்னு சொல்லுவேன்."

"சொல்லுவல்ல." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தச் சுவர்ல மாட்டினது நானூறு பிள்ளைங்களைச் சேர்த்துப் பாத்த படம். அதுல இருந்து ஒரு பிள்ளையோட தலையெழுத்தைப் படிக்க எனக்கே தெரியாது. உனக்கு மட்டும் தெரிஞ்சிடுச்சா?"

துளி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பையன் என்ன சாப்பிடறான்?"

"பால். பிஸ்கட். வேற எதுவும் இறங்கல."

"எவ்வளவு பால்?"

"ஆறு பாட்டில்."

"ஆறா!" தராசின் புருவம் ஏறியது. "சோர்ந்து கிடக்கானா? வெளுத்திருக்கானா?"

"ரெண்டும்தான் மேடம். எப்ப பாத்தாலும் தூங்குறான்."

"மண்ணு, சுண்ணாம்பு ஏதாவது திங்கறானா?"

துளி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரத்தம் பாத்தியா?"

துளி இல்லை என்று தலையாட்டினாள்.

"கோடி ரூபா மிஷின்ல திருட்டுத்தனமா மலத்தை ஓட்டத் தெரிஞ்சுது. விரல்ல ஒரு சொட்டு ரத்தம் குத்திப் பாக்கத் தோணல." தராசின் குரல் இறங்கியது. "இத்தனை பால் குடிச்சா வேற சாப்பாட்டுக்கு வயித்துல இடம் ஏது? பால்ல இரும்புச்சத்து கிடையாது. இரும்பு குறைஞ்ச பிள்ளை மண்ணு திங்கும், விளையாடாது, கவனிக்காது. அதுவாத்தான் இருக்கும்னு நான் சொல்லல. நான் டாக்டர் இல்ல. இப்பவே கிளம்பு. போய்ப் பாரு."

"மேடம், என் வேலை..."

"அதை நான் முடிவு பண்ண முடியாது. குழு முடிவு பண்ணும். நான் எல்லாத்தையும் உள்ளது உள்ளபடி எழுதுவேன், ஒண்ணும் மறைக்க மாட்டேன். முதல் குழிக்குப் போன பிளாங்க் சுத்தமா இருந்திருக்கு, அதனால நாப்பத்தாறு பிள்ளைங்க தப்பிச்சாங்க. மிச்சம் இருக்கற அஞ்சாறு மாதிரிய மறுபடி ஓட்டி சரிபாத்துக்கறேன். உன் பையனோடது அனுமதி இல்லாம வந்தது. அதை அழிச்சாகணும்."

அவர் போனில் பேச எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கம்ப்யூட்டர் திறந்தே இருந்தது. நாற்பத்தெட்டாவது பட்டை திரையில் ஓர் அங்குலம் மட்டும் எட்டிப் பார்த்தது, ஏதோ ஒரு நீலம், பக்கத்தில் ஒரு மஞ்சள். ஒரு தடவை விரலால் தள்ளினால் முழுதும் தெரியும். இதற்காகத்தானே இத்தனையும். துளி அதைப் பார்த்தாள். பிறகு பையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.

வராந்தாவில் லேபிள் அண்ணன் நின்றிருந்தார். அவள் வாயெடுப்பதற்குள் கையை ஆட்டினார். "ஒண்ணும் பேசாத. உன் மேல கோவமா இருக்கேன். முதல்ல பிள்ளைய போய்ப் பாரு, கோவம் எங்கயும் போயிடாது."

அன்று மதியமே கணவனும் அவளும் குட்டானோடு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நின்றார்கள். பஸ்ஸிலேயே அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். அவன் குட்டானைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டான். இறங்கும்போது மட்டும், "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. மூணு நாள் தனியா என்ன பண்ணின நீ?" என்றான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

நர்ஸ் விரலைக் குத்தினாள். குட்டான் முகத்தைச் சுளித்தானே தவிர பெரிதாக அழவில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் ஏழு புள்ளி நான்கு. டாக்டரம்மா கண் இமையை இழுத்துப் பார்த்தார், உள்ளங்கையைத் தன் உள்ளங்கை பக்கத்தில் வைத்துப் பார்த்தார், பழைய மருந்துச் சீட்டுகளைப் புரட்டினார். காது கேட்கிறதா என்றும் ஒரு சோதனைக்கு எழுதினார்.

"இரும்பு டானிக், மூணு மாசமாவது குடுக்கணும். பல்லு கறுக்கும், ஆய் கறுக்கும், பயப்படாதீங்க. பாலை ரெண்டு சின்ன டம்ளரா குறைங்க, பாட்டில் வேண்டாம். பசிக்க விடுங்க. முட்டை, பருப்பு, கீரை, கறி, நீங்க திங்கறதையே மசிச்சு வைங்க. கையில குடுத்துடுங்க. அவனே அப்பிக்கட்டும். திணிக்காதீங்க."

"டாக்டர்" என்றாள் துளி. "மூளைக்கு... ஏதாவது..."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "பொய் சொல்லி அனுப்ப மாட்டேன். இவ்வளவு குறைஞ்சிருந்தா வளர்ச்சில பின்தங்கும். இந்த வயசுல கண்டுபிடிச்சா நிறைய பிள்ளைங்க எட்டிப் பிடிச்சிடுறாங்க. இவன் எவ்வளவு பிடிப்பான்னு இன்னிக்கு யாராலயும் சொல்ல முடியாது. டானிக் குடுங்க, பேசுங்க, கூட உக்காந்து விளையாடுங்க. மாசத்துக்கு ஒரு தடவை வாங்க."

பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இருந்த இடத்திலிருந்து நகர்ந்து வேறு இடத்தில் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். முன்பு அது திரையில் வெள்ளையாக இருந்தது. இப்போது ஸ்பூனில், டானிக் பாட்டிலில், காலண்டரில் இருந்தது. முதல் வாரம் குட்டான் பாட்டிலைக் கேட்டு வீட்டையே இரண்டாக்கினான். மாடி வீட்டு அக்கா இறங்கி வந்து, "யாரைக் கொல்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இரண்டாவது வாரம் முட்டையை எடுத்து நசுக்கினான், தலையில் தேய்த்தான், கணவன் சட்டையில் தேய்த்தான். "உள்ள போகலைன்னாலும் வெளிய நல்லா ஒட்டுது" என்றான் கணவன். மூன்றாவது வாரம் நசுக்கிய விரலை வாயில் வைத்தான்.

குழு அவளை ஆறு மாதத்துக்குப் பிப்பெட்டைத் தொடக் கூடாது என்றது. பாத்திரம் கழுவுகிற அறையில் போட்டார்கள், சம்பளமும் குறைந்தது. நாத்தனாருக்கு இன்னும் செய்தி போகவில்லை, போனால் ஒரு வருஷத்துக்கு வாய்க்கு அவல். லேபிள் அண்ணன் இரண்டு வாரம் பேசவில்லை. மூன்றாவது வாரம் அவள் கழுவி அடுக்கிய குடுவைகளின் மேல் 'ஆறின டீ உள்ளே' என்று நேராக, இம்மி கோணாமல் ஒரு லேபிள் ஒட்டியிருந்தது. பக்கத்தில் மூடி போட்ட டம்ளரில் டீ.

ஐந்தாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கணவன் தண்ணீர் ஊற்றக் கீழே இறக்கிய பூந்தொட்டியை மேலே ஏற்ற மறந்துவிட்டான். துளி துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பியபோது குட்டான் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். ஓடிப்போய்த் தூக்கக் கால் எடுத்தவள், ஏனோ கதவுக்குப் பின்னால் அப்படியே நின்றாள்.

அவன் கை மண்ணுக்குப் போனது. ஒரு விரலால் தொட்டான். விரலைப் பார்த்தான். சட்டையில் துடைத்தான்.

பிறகு ஓர் இலையைப் பிய்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை உதறினான். இலை தொட்டிக்குப் பின்னால் விழுந்து மறைந்தது.

குட்டான் வெறும் கையைப் பார்த்தான். இலை இருந்த இடத்தைப் பார்த்தான். ஒரு கணம் அப்படியே நின்றான், மறந்துவிட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் விளிம்பைப் பிடித்தபடி, ஒரு கால், இன்னொரு கால் என்று தொட்டியைச் சுற்ற ஆரம்பித்தான். பின்பக்கம் வந்து குனிந்தான். தேடினான்.

அவள் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள், சத்தம் கேட்டு அவன் கவனம் கலைந்துவிடக் கூடாதே என்று.